ஆடினவரெல்லாம் ஆசிரியராவரோ?

ஒரு வித்தையைத் தான் வல்லனாய்ச் செய்து காட்டுதல் ஒன்று; அவ்வித்தையிலே பிறரை வல்லராக்குதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் அருமையினும் அருமை. புலமை மிக்கார் சிலர் வகுப்பறையிலே மாணாக்கரைத் தூங்க வைத்ததும் உண்டு. நடுத்தரப் புலமையினரென்று மதிக்கப்பட்டார் சிலர் தலைமுறை தலைமுறையாக நன்மாணாக்கரை ஆக்கியதும் உண்டு. தமிழ்ப் பாடத்துக்கு உண்மையாகிய இது விளையாட்டுக்கும் உண்மையாகும் என்பதே யாம் ஈண்டுக் கூற எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழ்ப் பண்டிதனுக்கு உதைபந்தாட்ட மைதானத்திலே என்ன வேலையென்று அன்பர் சிலர் வினாவுதல் கூடும். வேலை உண்டு. மைதானத்தின் ஓரத்திலே விசிலுங் கையுமாய் நின்று பிள்ளைகளைப் பயிற்றுபவனும் ஓர் ஆசிரியனே. அவன் எம் இனத்தான். அவனுக்கு வருங் குறை எமக்கு வருங் குறையேயாம். ஆதலின் அவன் பொருட்டுச் சில சொல்லுதல் எமக்குக் கடப்பாடாகின்றது.

வல்வையம்பதியிலும் அயலூர்களிலும் உதைபந்தாட்டம் உயிரோடு கலந்த விளையாட்டு என்பதை வாசகர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. மாலை நான்கு மணிக்குப் பின் கடற்கரைக் காற்றோடு பந்தின் ஓசையும் கேளாத நாள் இல்லை. ஆயின், ஒரு கழகத்துக்குப் பயிற்றுநர் வேண்டுமென்றால் நாம் செய்வது யாது? தம் காலத்திலே மிகுதியாகக் கோல் அடித்தவர் யாரென்று தேடுகின்றோம். அவர் முழங்கால் தளர்ந்து ஆட்டத்தை விட்ட மறுநாளே அவர் கழுத்திலே விசிலை மாட்டி விடுகின்றோம். அவர்க்குக் கற்பிக்கத் தெரியுமோ என்று கேட்பாரில்லை. கற்பிக்கக் கற்றாரோ என்று கேட்பாரில்லை. அவர் வீட்டில் அடுப்பெரிகின்றதோ என்று கேட்பாரும் இல்லை. இரண்டு சுற்றுப்போட்டிகளிலே தோற்றால் அவரை விலக்கிவிட்டு வேறொருவரைத் தேடுகின்றோம். இம்முறை பிழையானது. பிழையென்பதை வெறும் வாய்ச்சொல்லாற் கூறாது ஒருவருடைய வரலாற்றால் நிறுவுவோம்.

தண்டையலும் மாலுமியும்

அதற்கு முன், நம் ஊரின் பழமையிலிருந்தே ஓர் உவமை. வல்வையிலே பாய்க்கப்பல்கள் கட்டப்பெற்று இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் ஓடிய காலத்தில், கப்பலின் தலைவரைத் தண்டையல் என்று வழங்கினர். இங்கே கட்டப்பெற்ற அன்னபூரணி 1938 இல் நம்மூர் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையைச் சென்றடைந்த வரலாறு ஊரறிந்தது. மாலுமியாய் ஏறியவரெல்லாம் தண்டையலாகவில்லை. பாய்மரத்திலே அஞ்சாது ஏறுதலில் வல்லவன் ஒருவன். இருட்டிலே பாய் கட்டுதலில் வல்லவன் மற்றொருவன். ஆனால் காற்றின் குறியறிந்து, விண்மீன் நிலையறிந்து, அவற்றினும் மேலாகத் தன்னோடு வந்த பையன்களின் மனமறிந்து, இவனை இன்ன வேலைக்கு இன்ன பொழுதில் விடலாம் என்று தெரிந்தவனே தண்டையலானான். அவன் முன்பு மாலுமியாயிருந்தவனே. ஆயின் சிறந்த மாலுமி என்பது மாத்திரமே அவனைத் தண்டையலாக்கவில்லை. கடலிலே இவ்வுண்மையை நன்குணர்ந்த நம் முன்னோரின் வழித்தோன்றல்களாகிய நாம் மைதானத்திலே இதனை மறந்தது விந்தையே.

ஐதராபாத்து ஆசிரியர்

இனி, யாம் சொல்லப் புகுந்த வரலாறு. செய்யது அப்துல் ரகீம் என்பவர் 1909 இல் ஐதராபாத்திலே பிறந்தவர். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திலே கற்றுப் பட்டம் பெற்றவர். தம் இளமையிலே உள்ளூர்க் கழகங்களுக்காக உதைபந்தாடியவர். நல்ல ஆட்டக்காரர், ஆயினும் இந்திய நாட்டின் அணியிலே ஆடும் பேறு அவர்க்கு வாய்த்ததில்லை. வயிற்றுப்பாட்டுக்கு அவர் கொண்ட தொழில் பள்ளிக்கூட உபாத்திமை. பிற்காலத்தில் உடற்பயிற்சிக் கல்வியை முறையாகப் பயின்று அதற்குரிய தராதரமும் பெற்றார். இவ்விடத்தை வாசகர் கருத்திலே இருத்துதல் வேண்டும். தாம் ஆடத் தெரிந்தவராயிருந்தும், பயிற்றுதல் வேறொரு கல்வி என்று உணர்ந்து அதனைத் தனியே கற்றவர் அவர்.

ஐதராபாத் நகரப் பொலிசு அணியைப் பயிற்றும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1950 தொடங்கி 1954 வரை ஐந்தாண்டும் இடையறாது பம்பாயின் ரோவேர்ஸ் கிண்ணம் அவ்வணியினிடமே தங்கிற்று. கல்கத்தாவின் பெருங் கழகங்கள் பெரும்பணமும் பெரும்புகழும் உடையன. அவற்றின் நடுவே தென்னாட்டுப் பொலிசு அணியொன்று இவ்வாறு கோலோச்சியது எங்ஙனம்? பயிற்றிய முறையினாலேதான்.

அம்முறை யாது? பந்தைத் தன் காலிலே வைத்துக்கொண்டு நால்வரைத் தாண்டி ஓடிக் கைதட்டுப் பெறுவதே திறமையென்று ஆட்டக்காரர் எண்ணிய காலம் அது. ரகீம் ஒரு புதுமை செய்தார். பந்தைக் கொண்டு தனித்தோடுதலே கூடாதென்று விதித்து, பெற்ற பந்தை உடனே தோழனுக்கு அனுப்பும் சுற்றுப்போட்டிகளை நடத்தினார். வலக்காற் பழக்கமுடையவர் இடக்காலாலேயே அடிக்க வேண்டுமென்று வேறு போட்டிகளை வைத்தார். மாணாக்கன் எதில் வல்லவனோ அதனையே திரும்பத் திரும்பச் செய்வித்து மகிழ்விப்பது எளிது. அவன் எதிலே குறைவுடையவனோ அதனை விளையாட்டாகவே நிரப்பிக் கொடுப்பது அரிது. எழுத்துப் பிழை மலிந்த பிள்ளைக்குத் தண்டனை கொடாது சொல்விளையாட்டு வைக்கும் ஆசிரியனை இங்கே நினைவு கூர்க. ரகீம் மைதானத்துக்குச் சென்றபோது வகுப்பறையைத் தம்மோடு கொண்டு சென்றார் என்பது தெளிவு.

மாணாக்கரைக் கண்டெடுப்பதிலும் அவர் கண் கூரியது. செக்கந்தராபாத்தின் அயலிலே தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் என்னும் ஏழைச் சிறுவனின் ஆட்டத்தைக் கண்டார். பயிற்சி நடக்கும் இடமோ தொலைவு. வந்து போகப் பையனிடம் காசில்லை. வாடகைத் துவிச்சக்கர வண்டி எடுத்து வருமாறு ரகீமே காசு கொடுத்தார். அச்சிறுவன் பின்னர் இரண்டு ஒலிம்பிக் விழாக்களிலே ஆடி, இந்தியா கண்ட தலைசிறந்த முன்வரிசை வீரருள் ஒருவராய், 2023 இல் மறைந்தார். ஒரு வண்டி வாடகையிலே ஒரு வாழ்க்கை தங்கியிருந்தது. அதனை அறிந்து கொடுத்த கை ஆசிரியன் கை.

பத்துக்கு ஒன்று

இந்திய அணியின் பயிற்றுநராகவும் ரகீம் அமர்ந்தார். 1951 இல் புதுதில்லியிலே நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் ஈரானை ஒன்றுக்குப் பூச்சியமாக வென்று இந்தியா பொற்பதக்கம் பெற்றது. புகழ் எங்கும் பரந்தது. மறு ஆண்டு, 1952 இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவிலே யூகோசிலாவியாவை எதிர்த்து ஆடிய முதலாட்டத்திலேயே பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தியா வீழ்ந்தது. குளிர் மிகுந்த நாட்டிலே, ஈர நிலத்திலே, இந்திய வீரருட் பலர் வெறுங்காலோடு ஆடினர்.

பத்துக்கு ஒன்று! நம் ஊர்க் கழகமொன்று இவ்வாறு தோற்றிருப்பின், அன்றிரவே கூட்டங் கூட்டிப் பயிற்றுநரை விலக்கியிருப்போம். மறுநாட் காலை தேநீர்க் கடையிலே அவர் பெயரைப் பழித்திருப்போம். ஆனால் அத்தோல்வி ஒரு பாடமாயிற்று. சப்பாத்து அணிந்தே ஆடுதல் வேண்டுமென்ற விதி இந்திய உதைபந்தாட்டத்திலே அதன்பின் வந்தது. ரகீம் உலகின் பிற நாட்டார் ஆடும் முறைகளை உற்று நோக்கினார். அங்கேரியர் தம் நடு முன்வரிசை வீரனைச் சற்றே பின்னிறக்கி ஆடி 1953 இல் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே வென்ற காலம் அது. அத்தகைய அமைப்பைத் தம் அணிக்கு ஏற்ற வண்ணம் பழக்கினார். நால்வர் பின்னே, இருவர் நடுவே, நால்வர் முன்னே என நிற்கும் அமைப்பைப் பிரேசில் 1958 இன் உலகக் கிண்ணத்திலே உலகறியச் செய்யுமுன்பே ரகீம் அவ்வழியிலே சென்று கொண்டிருந்தார் என்று விளையாட்டு வரலாற்றார் கூறுவர்.

பயன் விரைவிலே வந்தது. 1956 இல் மெல்பேண் ஒலிம்பிக் விழாவிலே, விழா நடத்திய அவுஸ்திரேலியாவையே நாலுக்கு இரண்டாக இந்தியா வென்றது. நெவில் டிசூசா அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தது அதுவே முதன்முறை. அரையிறுதியில் அதே யூகோசிலாவியா எதிரே நின்றது. முதற் கோலை அடித்தது இந்தியா. முடிவிலே நாலுக்கு ஒன்றாகத் தோற்றதாயினும், நான்கு ஆண்டுக்கு முன் பத்து வாங்கிய அணி இப்போது சிறிது பொழுதாவது முன்னே நின்றதென்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்தியா நான்காமிடம் பெற்றது. 1960 இல் உரோமாபுரியிலே பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்றென்று சமநிலை கண்டது.

இதனால் யாம் கொள்ளும் பாடம் ஒன்று. ஆசிரியனை அளக்கும் கோல் ஒரு தேர்வின் பெறுபேறு அன்று. தோற்ற பின் அவன் என்ன கற்றான், என்ன கற்பித்தான் என்பதே. 1952 இலேயே ரகீமைத் தூக்கியெறிந்திருப்பின் 1956 வந்திராது.

ஜகார்த்தாவிலே ஒரு மாலை

1962 இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழா வந்தது. ரகீமின் உடலிலே அப்போது புற்றுநோய் குடிகொண்டிருந்தது. முதலாட்டத்திலே தென்கொரியாவிடம் இரண்டு கோல்களால் இந்தியா தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை நாலுக்கு ஒன்றாக வென்றது. ஆனால் அவ்வாட்டத்திலே பின்காப்பாளர் ஜர்னயில் சிங்கின் தலை உடைந்து தையலிட நேர்ந்தது. பின்னர் யப்பானை இரண்டு கோல்களால் வென்று அரையிறுதிக்கு வந்தது.

ஈண்டே ரகீமின் ஆசிரியத் திறனைக் காண்க. தலையிலே தையலோடு நிற்கும் பின்காப்பாளரைக் காப்பு வரிசையிலே நிறுத்தினால், பந்தைத் தலையால் முட்டி முட்டித் தடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அணி வலுவிழக்கும். ரகீம் அவரை முன்வரிசையிலே நடுநாயகமாக நிறுத்தினார். தென்வியட்னாமை மூன்றுக்கு இரண்டாக வென்ற அரையிறுதியிலும் ஜர்னயில் சிங் கோல் அடித்தார், இறுதியாட்டத்திலும் அடித்தார். மாணாக்கனின் குறையையும் ஆற்றலையும் ஒருசேர அறிந்தவனுக்கே இத்தகைய முடிவு தோன்றும்.

இறுதியாட்டம் செப்ரெம்பர் 4 இல், முதலிலே தம்மை வென்ற தென்கொரியரோடு நடந்தது. இஸ்ரேலையும் தைவானையும் விழாவிலே சேராது விட்டமை பற்றி இந்திய அதிகாரியொருவர் கூறிய கண்டனத்தால் ஊர் மக்கள் இந்தியர்மேற் சினங் கொண்டிருந்தனர். பல்லாயிரவர் கூடிய அவ்வரங்கிலே இந்திய அணிக்கு எழுந்தது வாழ்த்தன்று, வசையே. ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு, எனக்கு ஒரு பரிசு தருவீர்களா, நாளைப் பொற்பதக்கம் வேண்டுமென்று ரகீம் தம் பிள்ளைகளிடம் கேட்டார் என்று அவருடைய வீரர் பிற்காலத்தில் நெகிழ்ந்துரைத்தனர். காய்ச்சலிலிருந்து எழுந்த பீற்றர் தங்கராஜ் கோல் காத்தார். பி. கே. பானர்ஜியும் ஜர்னயில் சிங்கும் ஒவ்வொரு கோல் அடித்தனர். இரண்டுக்கு ஒன்றாக இந்தியா வென்றது. ஆசிரியர் கேட்ட காணிக்கை கிடைத்தது. ஓராண்டு நிறையுமுன், 1963 யூன் 11 இல், ரகீம் உயிர்நீத்தார்.

அதன்பின் இன்றுவரை ஆசிய விழாவின் ஆண்கள் உதைபந்தாட்டத்திலே இந்தியா பொற்பதக்கம் பெற்றதில்லை. 1970 இல் பாங்கொக்கிலே வெண்கலப் பதக்கம் ஒன்று வந்தது. அவ்வணியைப் பயிற்றியவருள் ஒருவர் ரகீமின் மாணாக்கராகிய பி. கே. பானர்ஜி, அணித்தலைவர் ஐதராபாத்தைச் சேர்ந்த செய்யது நயீமுதீன். பானர்ஜி 2020 இல் மறையும்வரை இந்தியாவின் பெயர்பெற்ற பயிற்றுநராய் மதிக்கப்பட்டார். நயீமுதீனும் ஆட்டம் விட்டபின் பயிற்றுநராகி 1990 இல் துரோணாச்சாரியார் விருது பெற்றார். நல்லாசிரியன் மாணாக்கரை மாத்திரமன்றி ஆசிரியரையும் ஆக்கிச் செல்வான் என்பதற்கு இது சான்று.

ரகீமுக்குக் கிடைத்த பெருமை யாது? துரோணாச்சாரியார் விருது தொடங்கியதே 1985 இல்; அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டு கழித்து. அவர் வாழ்க்கையைத் திரைப்படமாக்கி ஊரெங்கும் காட்டியது 2024 இல். மறைந்து அறுபத்தோராண்டு கழித்து. இடையிலே ஒரு தலைமுறை அவர் பெயரையே அறியாது வளர்ந்தது. விருதின் பெயர் பற்றியும் ஒரு சொல். துரோணர் வில்லாசிரியருள் வல்லவர் என்பது மெய்யே. ஆயினும் தாம் கற்பியாத ஏகலைவனிடம் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டவரும் அவரே. வண்டி வாடகை கொடுத்து ஏழைச் சிறுவனை அழைத்த ரகீமை நினைக்குந்தோறும், பயிற்றுநர் விருதுக்கு ரகீமின் பெயரே பொருந்தும் என்று எமக்குத் தோன்றும்.

குடமும் பனையும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் ஆசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறினார். ஆசிரியராகார்க்கும் நான்கு உவமை கூறினார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. இந்நான்கையும் எம் மாணாக்கர் மனனஞ் செய்வர். அவற்றை மைதானத்திலே நிறுத்திப் பார்ப்போம்.

கழற்குடமாவது கழற்காய் பெய்த குடம். முன் இட்டது முன் வாராது, கவிழ்த்தபோது கண்டபடி உருளும். இன்று உதைப்பு, நாளை ஓட்டம், மறுநாள் மீண்டும் தொடக்கம் என்று முறையின்றிப் பயிற்றுபவர் இக்குடத்தர். மடற்பனையை நாம் அறிவோம்; மட்டை சூழ்ந்து நிற்பதால் ஒருவரும் ஏற முடியாது, பழம் தானாக விழுந்தால் உண்டு. நான் ஆடியதைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று சொல்லித் தம் புகழின் மட்டைக்குள் ஒளிந்து நிற்கும் பழைய வீரர் இப்பனையர். பருத்திக்குண்டிகை பஞ்சடைத்த குடுக்கை; அடைத்தலும் வருத்தம், எடுத்தலும் வருத்தம். தாம் வருந்திக் கற்ற ஒரு நுட்பத்தை மாணாக்கனும் வருந்தியே கற்கட்டும் என்று சிறிது சிறிதாக விடுபவர் இவ்வகையர். முடத்தெங்கு நம் வளவிலே நீர் குடித்து அயலான் வளவிலே காய்ப்பது. உழைத்தவனைப் புறத்தே இருத்தி, உறவினன் மகனுக்கும் செல்வன் மகனுக்கும் அணியிலே இடங் கொடுப்பவர் இத்தெங்கர்.

இந்நான்கனுள் மிகுதியாகக் காணப்படுவது மடற்பனையே. இயல்பிலே வல்லவனாய்ப் பிறந்தவனுக்குத் தான் செய்வது எவ்வாறு வருகின்றதென்று தனக்கே தெரியாது. கால் தானே செல்கின்றது. பந்து தானே வருகின்றது. தெரியாததை எவ்வாறு பிறர்க்குச் சொல்வான்? வருந்திக் கற்றவனோ படிப்படியாக ஏறியவன். ஒவ்வொரு படியும் அவன் நினைவிலே உண்டு. ஆதலின் இன்ன படியிலே இவன் வழுக்குகின்றான் என்று மாணாக்கனைப் பார்த்தவுடனே அறிவான்.

ஆடாதவனே நல்ல பயிற்றுநன் என்று யாம் கூறினோமென்று கொள்ளற்க. ரகீமும் ஆடியவரே. மைதானத்தின் மண்ணை அறியாதவன் மைதானத்திலே கற்பித்தல் இயலாது. யாம் மறுப்பது, ஆடிய பெருமை ஒன்றே போதும் என்னும் எண்ணத்தையே.

அவுஸ்திரேலியாவின் சான்று

நம்மவர் பலர் இன்று குடியேறி வாழும் அவுஸ்திரேலியாவிலே, உதைபந்தாட்டத்தினும் மிகுதியாக மக்கள் கூடிக் காண்பது றக்பி லீக் என்னும் ஆட்டம். இதன் பிறப்பே உழைப்பாளியின் கூலி பற்றிய வழக்கிலே உண்டாயிற்று. ஆட்டத்துக்குச் சென்ற நாளில் சுரங்கத்திலும் ஆலையிலும் இழக்குங் கூலியை ஈடுசெய்ய வேண்டுமென்று வட இங்கிலாந்துக் கழகங்கள் கேட்டன, மேலிடம் மறுத்தது. 1895 ஓகஸ்ட் 29 இல் ஹடர்ஸ்பீல்ட் நகர விடுதியொன்றிலே அக்கழகங்கள் கூடிப் பிரிந்து சென்றன. பதினைவர் ஆட்டம் பின்னர் பதின்மூவர் ஆட்டமாயிற்று.

அவ்வாட்டத்திலே புகழ்பெற்ற பயிற்றுநர் இருவரை எடுத்துக்கொள்வோம். ஜாக் கிப்சன் சிட்னிக் கழகங்களிலே ஆடிய நல்ல வீரர். தலைசிறந்த வீரரென்று எவரும் சொல்லார். அமெரிக்கா சென்று அந்நாட்டு உதைபந்தாட்டப் பயிற்றுநரிடம் முறைகளைக் கற்று வந்து, ஆட்டக்காரர் செய்யும் ஒவ்வொரு தடுப்பையும் எண்ணிக் குறித்துப் பயிற்றினார். 1974, 1975 இல் ஈஸ்ரேண் சபேர்ப்ஸ் கழகத்தையும், 1981, 1982, 1983 இல் பரமற்றா கழகத்தையும் வெற்றிவாகை சூடுவித்தார். மற்றவர் வெயின் பெனெற். குவின்ஸ்லாந்துப் பொலிசிலே பணியாற்றியவர். 1971 இல் அவுஸ்திரேலிய அணியோடு நியூசிலாந்து சென்று வந்ததே ஆட்டக்காரராக அவர் ஏறிய உச்சம். பயிற்றுநராகவோ பிரிஸ்பேன் கழகத்துக்கு ஆறு முறையும், 2010 இல் சென் ஜோர்ஜ் கழகத்துக்கு ஒரு முறையும் ஆக ஏழு வெற்றிகளை ஈட்டினார். இதற்கு மாறாக, ஒப்பற்ற வீரராய் விளங்கிய கிளைவ் சேர்ச்சில் சவுத் சிட்னிக் கழகத்தைப் பயிற்றியும் நான்கு வெற்றி கண்டார். ஆதலின் பெருவீரன் ஆசிரியனாகான் என்பது விதியன்று. ஆசிரியனாதற்கு வேறு கல்வி வேண்டும் என்பதே விதி.

வல்வையிற் செய்யத்தக்கவை

வெற்றி பெற்றவனை மறவாத நாம் அவனை ஆக்கியவனை மறக்கின்றோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் தோக்கியோ ஆசிய விழாவிலே உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியப் பொற்பதக்கத்தைக் கொணர்ந்தார். 2024 இல் அவர் மறைந்தபோது தமிழுலகம் கண்ணீர் விட்டது, அது தக்கதே. அவர்க்குப் பாயக் கற்பித்தவர் பெயரை நம்மில் எத்துணை பேர் சொல்ல வல்லோம்?

இப்போது செய்யத்தக்கவை சில உள. முதலாவது, பயிற்றுநராக வர விரும்பும் இளைஞரை முறையான கல்விக்கு அனுப்புதல் வேண்டும். ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் பயிற்றுநர்க்குப் படிப்படியான சான்றிதழ்களை வகுத்துள்ளது. ஒவ்வொரு கழகமும் தன் உறுப்பினர் ஒருவரையேனும் முதற் படியிலே ஏற்றுதல் இயலாத செயலன்று.

இரண்டாவது, பயிற்றுநர்க்கு வேதனம். வெளிநாடுகளிலே வாழும் நம்மூரவர் ஊரின் விளையாட்டுக்கு மனமுவந்து உதவுகின்றனர். அவ்வுதவி பெரும்பாலும் கிண்ணமாகவும் மேடையாகவும் வண்ண உடையாகவும் ஒலிபெருக்கியாகவும் முடிகின்றது. கிண்ணம் அலுமாரியிலே தூசி படியும். பயிற்றுநன் பிள்ளைகளின் கால்களிலே வாழ்வான். ஒரு சுற்றுப்போட்டியின் ஆரவாரச் செலவிலே ஒரு பங்கை ஒதுக்கினால், ஒருவர்க்கு மாதந்தோறும் சிறு வேதனம் கொடுக்கலாம். கூலியிழந்து ஆட முடியாதென்று வட இங்கிலாந்துத் தொழிலாளர் 1895 இல் சொன்னது நியாயமாயின், கூலியிழந்து கற்பிக்க முடியாதென்று நம்மூர்ப் பயிற்றுநர் சொல்வதும் நியாயமே. அவர் சொல்லவில்லை, வாய்மூடி உழைக்கின்றார். அதனாலேயே நாம் சொல்ல வேண்டியிருக்கின்றது.

மூன்றாவது, பொறுமை. நிலம் உழுத அன்றே விளைவு தராது. ஒரு பயிற்றுநர்க்கு நான்காண்டேனும் கொடுத்துப் பின்பு அளத்தல் வேண்டும். அவர் எத்தனை ஆட்டம் வென்றார் என்பதோடு, எத்தனை பிள்ளைகளை இடைவிடாது மைதானத்துக்கு வரச் செய்தார் என்பதையும் கணக்கிடுதல் வேண்டும். போதைப்பொருள் பற்றிய அச்சம் வடபுலத்துப் பெற்றோரை வாட்டும் இக்காலத்தில், மாலைதோறும் நாற்பது பிள்ளைகளைத் தன் கண்முன்னே வைத்திருக்கும் மனிதர் ஊருக்குச் செய்யும் தொண்டு எந்தக் கிண்ணத்தினும் பெரிது. பெண்பிள்ளைகளுக்கும் இவ்வாய்ப்பு உரியதென்பதை மறத்தலாகாது.

நான்காவது, எழுத்து. ஒவ்வொரு பயிற்றுநரும் தாம் செய்வித்த பயிற்சிகளையும், பயன் தந்தவற்றையும், தாராதவற்றையும் குறிப்பேட்டிலே எழுதி வைத்தல் வேண்டும். தண்டையல்மார் அறிந்த கடல்நூல் பெரும்பாலும் அவர்களோடே மறைந்தது. வாய்மொழியாய் வாழ்ந்த கலை கப்பல் நின்றவுடன் நின்றது. மைதானத்துக் கலைக்கும் அந்நிலை வரவிடலாகாது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடங்குவதே கல்வி. ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவது வெறும் உழைப்பு.

ஆடுதல் பத்தாண்டில் முடியும். ஆடக் கற்பித்தல் மாணாக்கர்வழித் தொடர்ந்து செல்லும். பத்துக்கு ஒன்றாகத் தோற்ற பின்னும் ஒரு பள்ளி உபாத்தியாயரிடம் நம்பிக்கை வைத்த நாடு, பத்தாண்டு கழித்து ஜகார்த்தாவிலே பொன் கொண்டது. நம் ஊர் மைதானத்தின் ஓரத்திலே இன்று மாலையும் ஒருவர் விசிலோடு நிற்பார். பிள்ளைகளின் பெற்றோராகிய நாம் அவரிடஞ் சென்று, எத்தனை ஆட்டம் வென்றீர் என்று கேளாது, கற்பிப்பதற்கு உமக்கு வேண்டுவது யாது என்று கேட்போமாக.